நல்லாத் தெரியுது என்ற பதில்

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இப்ப எப்படித் தெரியுதும்மா?" என்பதுதான். தென்மாவட்டத்துக் கண் மருத்துவமனை ஒன்றில், புதிதாக வரும் உள்விழி லென்ஸ்களைப் பரிசோதிக்கும் ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகப் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் பெரும்பாலானவை ஒரே பதில்தான்: "நல்லாத் தெரியுது தாயி." அதைச் சொல்கிறவர்களின் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருக்கும். சிலர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்து முருங்கைக்காய் கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைப்பவர்களும் உண்டு. அப்படியிருந்தும், ஒரு புதிய லென்ஸ் நல்லதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் இந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

புரிய வைத்தவர் பூக்கட்டும் ஓர் அம்மா. வயது அறுபத்து மூன்று. அவர் சேர்ந்திருந்த ஆய்வில் இரண்டு வகை லென்ஸ்கள் இருந்தன. ஒன்று, தூரப் பார்வையை மட்டும் தெளிவாகத் தருகிற வழக்கமான லென்ஸ். அதை வைத்துக்கொண்டவர்கள் படிக்கவும் ஊசி கோக்கவும் கண்ணாடி போட வேண்டும். மற்றது, தூரத்தையும் கை நீளத்தில் இருப்பதையும் ஓரளவு கிட்டத்தில் இருப்பதையும் கண்ணாடி இல்லாமலே காட்ட முயலும் புதிய லென்ஸ். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கணினி தீர்மானிக்கும். அறுவை செய்த மருத்துவருக்குத் தெரியும். நோயாளிக்கும் பார்வையை அளக்கிறவருக்கும் கேள்வி கேட்கிற எனக்கும் தெரியாது, தெரியக் கூடாது என்பது விதி. அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் சில வார இடைவெளியில் ஒரே வகை லென்ஸ் வைத்திருந்தார்கள்.

அட்டையை அவர் நன்றாகவே படித்தார். எழுத்துத் தெரியாதவர் என்பதால், மூன்று கால் உள்ள ஆங்கில ‘இ’ எழுத்தை மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திருப்பி அச்சிட்ட அட்டையை வைத்தோம். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரல்களால் காட்டிக்கொண்டே கடைசிக்கு முந்தைய வரிவரை வந்துவிட்டார். வினாத்தாளிலும் எல்லாவற்றுக்கும் நல்ல பதில்தான். "பூவெல்லாம் கண்ணாடி இல்லாமலே கட்டுறேன்" என்றார். "ராத்திரியில் வண்டி ஓட்டும்போது எதிரே வரும் விளக்குகள் தொந்தரவு செய்கின்றனவா?" என்ற கேள்விக்கு, "எனக்கு எங்க தாயி வண்டி ஓட்டத் தெரியும்" என்று சிரித்தார். ‘பொருந்தாது’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். அத்துடன் அவருடைய வருகை முடிந்தது.

அன்று மாலை நான் வீட்டுக்குக் கிளம்பியபோது அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. வருகிற ஒவ்வொரு பேருந்துக்கும் உள்ளங்கையைப் புருவத்தின் மேல் வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தார், பேருந்து நெருங்கி வந்து நின்ற பிறகு பக்கத்தில் நின்ற பையனிடம், "தம்பி, இது எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டார். அருகில் போய் ஏன் என்று விசாரித்தேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, "முன்னாடி ரெண்டு லைட்டும் பூ விரிஞ்ச மாதிரி பரந்துருது. அதுக்கு மேல இருக்கிற போர்டு அதுக்குள்ள மறைஞ்சு போயிருது" என்றார். விடியற்காலை நான்கு மணிப் பேருந்தைப் பிடித்துப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர் அவர். அந்த நேரத்தில் கேட்பதற்குப் பக்கத்தில் ஆளும் இருக்காது. மூன்று மாதமாக இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஓசியில ஆபரேஷன் பண்ணி, சோறும் போட்டு அனுப்பிச்சீக. அதுல போய்க் குறை சொல்லலாமா? டாக்டர் ஐயா மனசு கஷ்டப்படும்ல" என்றார்.

அவர் கண்ணில் எந்த லென்ஸ் இருந்தது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது இந்த வகை லென்ஸ் ஆய்வுகளில் கட்டாயம் கண்டுபிடிக்க வேண்டிய செய்தி. ஒரே லென்ஸ் பல தூரங்களைத் தெளிவாகக் காட்ட வேண்டுமென்றால், கண்ணுக்குள் வருகிற ஒளியை அது எப்படியாவது பங்கு போட வேண்டும், அல்லது நீட்டிப் பரப்ப வேண்டும். பங்கு போட்டால் ஒவ்வொரு பங்கும் குறையத்தான் செய்யும். தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது, கிட்டத்துக்காக ஒதுக்கிய ஒளி விழித்திரையில் குவியாமல் மங்கிய வட்டமாகப் பரவுகிறது. பகலில் அது உறைப்பதில்லை. இருட்டில், கண்மணி விரிந்து, எதிரே ஒரு பிரகாசமான விளக்கும் வரும்போது அந்த வட்டம் தெரியும். ஆகவே இப்படிப்பட்ட லென்ஸைச் சோதிக்கும்போது அட்டையில் எத்தனை வரி என்று பார்ப்பது மட்டும் போதாது. கண் முன்னால் பிளஸ், மைனஸ் வில்லைகளை அரை டயாப்டர் (வில்லையின் திறனை அளக்கும் அலகு) படிகளாக மாற்றி வைத்து எந்தெந்தத் தூரத்தில் பார்வை எவ்வளவு நிற்கிறது என்று வரைபடம் போடுகிறோம். கறுப்பிலிருந்து வெளிறிக்கொண்டே போகும் எழுத்துகளைக் காட்டி, சாயல் வேறுபாட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க முடிகிறது என்று பார்க்கிறோம். மங்கிய வெளிச்சத்தில் ஒரே நிறச் சிமெண்டுப் படிகளின் விளிம்பு தெரிவதும் தெரியாததும் அந்தத் திறனைப் பொறுத்தது. இவை எல்லாம் கருவியால் அளக்கக்கூடியவை. விளக்கைச் சுற்றி என்ன தெரிகிறது, அது வாழ்க்கையை எவ்வளவு இடைஞ்சல் செய்கிறது என்பதை அந்த ஆள் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

லென்ஸ் மனிதக் கண்ணுக்கு வருவதற்கு முன்பே அது பட்ட பாடு நிறைய. ஐ.எஸ்.ஓ. 11979 என்ற பன்னாட்டுத் தர வரிசை இதற்கென்றே இருக்கிறது. நீர் நிரப்பிய செயற்கைக் கண்ணுக்குள் வைத்து ஒளியை எவ்வளவு கூர்மையாகக் குவிக்கிறது என்று அளக்கிறார்கள். லென்ஸின் நடுவட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். அதைக் கண்ணுக்குள் தாங்கிப் பிடிப்பவை அதன் இரு பக்கத்திலும் வளைந்து நீளும் மெல்லிய கால்கள். அந்தக் கால்களை அழுத்தி, அரை மில்லிமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னுமாக 2,50,000 முறை அசைத்து, ஒடிகின்றனவா என்று பார்க்கிறார்கள். பின்னாளில் லேசர் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் லேசர் கதிரை லென்ஸின் மேலேயே பாய்ச்சி, அதிலிருந்து நஞ்சு எதுவும் கசிகிறதா என்று சோதிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் நீரிலும் ஒளியிலும் கிடந்தால் பொருள் என்ன ஆகும் என்பதை வெப்பத்தையும் புற ஊதாக் கதிரையும் கூட்டிச் சோதனைக்கூடத்தில் விரைவுபடுத்திப் பார்க்கிறார்கள். பிறகு முயல் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்கள். நான் இந்தச் சோதனைகளைப் பெரிதும் மதிக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் எப்போதோ யாரோ ஒரு நோயாளிக்கு நடந்த ஒரு துன்பம் இருக்கிறது என்பதால்.

முதல் நோயாளியிலிருந்தே அது தொடங்குகிறது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பர் 29 அன்று கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 45 வயதுப் பெண் ஒருவருக்குக் கண்புரையை அகற்றி, பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸைப் பொருத்தினார். அந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்க அவருக்குத் துணிவு கொடுத்தது போர். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களின் மேல்மூடி நொறுங்கி விமானிகளின் கண்களுக்குள் சிதறிய பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள், கூரிய முனை உறுத்தாத இடங்களில், ஆண்டுக்கணக்கில் எந்த அழற்சியும் உண்டாக்காமல் கிடந்ததை அவர் பார்த்திருந்தார். அந்தப் பெண்ணின் கண் பிளாஸ்டிக்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் கணக்கு தவறிவிட்டது. இயற்கை லென்ஸின் வளைவுகளையே பின்பற்றிச் செய்த லென்ஸ் அது. பெர்ஸ்பெக்ஸோ இயற்கை லென்ஸைவிட ஒளியை அதிகமாக வளைக்கும் பொருள். அறுவைக்குப் பிறகு அந்தக் கண்ணின் கிட்டப்பார்வைக் குறைபாடு மைனஸ் 18 டயாப்டர் வரை இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கக்கூடிய தூரம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவுதான். அடுத்த லென்ஸ்களில் அந்தத் தவறு திருத்தப்பட்டது. திருத்த முடிந்ததற்குக் காரணம், அறுவை ‘வெற்றி’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அவள் கண் என்ன பார்க்கிறது என்று அளந்து எழுதி வைத்தது.

எனக்கு இந்தத் துறையில் பெருமிதம் தருகிற ஆய்வு ஒன்று உண்டென்றால் அது மதுரையில் நடந்தது. எண்பதுகளின் இறுதியில் நம் ஊர் முகாம்களில் கண்புரைக்கு அறுவை செய்தால், லென்ஸை முழுதாக எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்புவதுதான் நடைமுறை. சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஊரே அதைச் சொல்லும். அதைப் போட்டால் பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும்; ஓரங்களில் ஒரு வளையம் போல எதுவும் தெரியாத பகுதி இருக்கும்; தம்ளரை எடுக்கக் கை நீட்டினால் தம்ளர் நினைத்த இடத்தில் இருக்காது. கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடுதான். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை மேல்நாடுகளில் பரவியிருந்த காலம் அது. ஆனால் இறக்குமதி லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். அதைவிடப் பெரிய தயக்கம், ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் அறுவை நடக்கும் இடத்தில் இது பாதுகாப்பானதா, ஏழைகளுக்கு இது தேவைதானா என்பது.

இரண்டாவது கேள்வி என்னை இன்றும் சுடுகிறது. அதற்குப் பதில் சொல்ல மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஓர் ஆய்வை நடத்தியது. இரண்டு கண்ணிலும் பார்வை குன்றிய, 40 முதல் 75 வயது வரையிலான 3400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பழைய அறுவையும் தடித்த கண்ணாடியும், மறு பிரிவினருக்குப் புதிய அறுவையும் உள்விழி லென்ஸும் கொடுத்து, ஓர் ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகளின் முதல் மூன்று பகுதிகள் 1998-இல் அமெரிக்கக் கண் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்தன. கண்ணாடி போட்டு அட்டையைப் படிக்கச் சொன்னபோது இரண்டு பிரிவிலும் பெரும்பாலோர் நன்றாகவே படித்தார்கள். அட்டையோடு நிறுத்தியிருந்தால், சோடாபுட்டியே போதும் என்று வாதாட இடம் இருந்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா, துணையில்லாமல் நடமாட முடிகிறதா, மனம் எப்படி இருக்கிறது என்று நேரில் கேட்டார்கள். அதற்கான வினாத்தாளைத் தென்னிந்தியக் கண்புரை நோயாளிகளிடமே கேட்டுக் கேட்டு உருவாக்கியிருந்தார்கள். அந்தக் கேள்விகளில்தான் லென்ஸ் வைத்தவர்களுக்குக் கிடைத்த நன்மை கூடுதல் என்பது வெளிப்பட்டது. அந்த மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992-இல் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கி, விலையைச் சுமார் 10 டாலருக்கு இறக்கியதை எல்லோரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். அதோடு சேர்த்து, கிராமத்துக் கிழவியிடம் அவள் வாழ்க்கையைப் பற்றி 3400 பேர் கொண்ட ஓர் ஆய்வு உட்கார்ந்து கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கையில் இருந்த வினாத்தாள் அப்படிப்பட்டதாக இருக்கவில்லை. வேறு நாட்டில், கார் ஓட்டிக் கடைக்குப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டதை மொழிபெயர்த்திருந்தோம். முறைப்படிதான் செய்தோம்: ஒருவர் தமிழாக்குவார், அசலைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம். சொற்கள் ஒத்துப்போயின. வாழ்க்கை ஒத்துப்போகவில்லை. இரவில் வண்டி ஓட்டுவது பற்றிய கேள்விகளுக்கு எங்கள் பெண்களில் அநேகமாக எல்லோரும் ‘பொருந்தாது’ என்று போனார்கள். காலியாக விழுந்த அந்தக் கட்டங்கள், கணக்கெடுப்பில் குறையே இல்லாதது போலத் தோற்றம் தந்தன. பூக்கட்டும் அம்மாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருக்காவிட்டால் அவரும் அந்தக் காலிக் கட்டங்களில் ஒருவராகவே போயிருப்பார். அந்தக் கட்டத்தில் குறியிட்டது என் கை என்பது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது.

அடுத்த ஆய்வுக்கு முன், ஆய்வுத் தலைவரான மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு கேள்விகளை மாற்றினோம். அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா, மாலையில் வருகிற பேருந்தின் ஊர்ப்பெயர் தெரிகிறதா, கோயில் கருவறையில் தீபாராதனை காட்டும்போது சாமி முகம் தெரிகிறதா, சுடர் மட்டும்தான் தெரிகிறதா என்றெல்லாம் சேர்த்தோம். தீபாராதனைக் கேள்வியைச் சொன்னது எங்கள் வார்டில் வேலை செய்யும் ஓர் அக்கா. இருட்டுக்கு நடுவில் ஒரு சுடர், அதற்குப் பின்னால் ஒரு முகம்: விளக்கொளி சிதறுகிறதா என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை எந்தச் சோதனைக்கூடத்திலும் நான் பார்த்ததில்லை.

சொற்களிலும் சிக்கல் இருந்தது. ‘கண் கூசுது’ என்று நம்மவர்கள் சொல்வது வெயில் தாங்காததையும் குறிக்கும், மணல் விழுந்தது போன்ற உறுத்தலையும் குறிக்கும், விளக்கொளி சிதறுவதையும் குறிக்கும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருத்துவமும் வேறு. ‘ஒளிவட்டம்’ என்று நாங்கள் அச்சிட்டிருந்த சொல்லைக் கேட்டதும் ஒரு பெரியவர் சாமி படத்துத் தலைக்குப் பின்னால் இருப்பதைத்தான் நினைத்தார். தனக்கு அப்படியெல்லாம் தெரியாது என்று பணிவாக மறுத்தார். படங்களைக் காட்டிக் கேட்கும் முறை இப்போது உலகெங்கும் உண்டு; நாங்களும் அதற்கு மாறினோம். எங்கள் படத்தில் அகன்ற நெடுஞ்சாலை இல்லை. மங்கிய ஊர்ச் சாலை, எதிரே ஓர் அரசுப் பேருந்து. விளக்குகளைச் சுற்றி வட்டம் இல்லாத படம், சின்ன வட்டம், பெரிய வட்டம், ஊசி ஊசியாக நீளும் கீற்று என்று வரிசையாக வைத்து, "இதுல உங்களுக்கு எது மாதிரி?" என்று கேட்டால் விரல் தானாகப் போய் ஒன்றைத் தொடுகிறது. நம் மொழியில் கூச்சம் என்ற ஒரே சொல் கண்ணுக்கும் மனதுக்கும் பொதுவாக இருக்கிறது. இந்த வேலையில் இரண்டாவது கூச்சத்தைக் களைந்தால்தான் முதலாவது வெளியே வரும்.

அதற்காகக் கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். "ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "உங்களுக்கு வெச்சது ரெண்டு லென்ஸ்ல ஒண்ணு. எதுல என்ன குறைன்னு நீங்க சொன்னாத்தான் உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு நல்லதா வெக்க முடியும். குறை சொல்றதுதான் நீங்க எங்களுக்குப் பண்ற உதவி" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் படிவத்திலும் இதை எழுதிச் சேர்த்திருக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவம் முழுவதையும் வாசித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் கைநாட்டு வாங்க வேண்டும். வேண்டாம் என்றாலும் வழக்கமான லென்ஸும் சிகிச்சையும் குறைவில்லாமல் கிடைக்கும் என்பதை அவர்கள் நம்பும்படி சொல்ல வேண்டும். இலவசமாகச் சிகிச்சை பெறுகிறவரிடம் ‘வேண்டாம் என்று சொல்லலாம்’ என்பதை நம்ப வைப்பது, கையெழுத்து வாங்குவதைவிடப் பல மடங்கு கடினம். அவசரப்பட்டால் அது நடக்காது. ஒருவருக்கு நாற்பது நிமிடம் ஆனாலும் ஆகட்டும் என்றுதான் உட்காருகிறேன்.

குறை சொல்ல ஆள் திரும்பி வந்தால்தானே என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாம் மாதம் வருகிறவர்கள் ஓராண்டு முடிவில் வருவதில்லை. நடவு, அறுப்பு, மகள் பிரசவம், திருப்பூரில் வேலை, சில நேரம் சாவு. வராதவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும், ஏனென்றால் வராதவர்களில் மிக நன்றாக இருப்பவரும் இருப்பார், மிக மோசமாகப் போனவரும் இருப்பார். ஆகவே வீடு தேடிப் போகிறோம். ஒரு முறை கயத்தாறுப் பக்கம் ஒரு பெரியவரைத் தேடி மூன்று ஊர் அலைந்து, கடைசியில் ஆட்டு மந்தையோடு கண்மாய்க் கரையில் பிடித்தோம். அட்டையைக் கருவேல மரத்தில் மாட்ட முடியாது என்பதால் அடுத்த வாரம் வண்டி வைத்து அழைத்து வந்தோம்.

இந்த அலைச்சல் வீணல்ல என்பதற்குத் துறையின் வரலாற்றில் சான்றுகள் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில், சிறிய துளை வழியாக மடித்துச் செலுத்தும் ஒரு வகை மென்லென்ஸ் எல்லாச் சோதனைகளிலும் தேறிப் பல நாடுகளில் புழக்கத்துக்கு வந்தது. பொருத்தி ஓரிரு ஆண்டு கழிந்த பிறகு சிலருக்குப் பார்வை புகைமூட்டமாகத் தொடங்கியது. லென்ஸின் பரப்பில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தது. லென்ஸ் இருந்த பெட்டியின் மூடியில் கசிவுத் தடுப்புக்காக வைத்திருந்த சிலிக்கோன் வளையத்திலிருந்து நுண்ணிய அளவில் ஒரு பொருள் லென்ஸின் மேல் ஒட்டி, அதன் மேல் கண்ணிலுள்ள கால்சியம் படியக் காரணமாக இருந்தது என்று பிறகு கண்டார்கள். லென்ஸைச் சோதித்தவர்கள் பெட்டியைச் சந்தேகிக்கவில்லை. அதைவிட வருத்தமானது, அந்த மங்கலை லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வின் மங்கல் என்று தவறாகக் கருதிச் சிலருக்குத் தேவையில்லாத லேசர் சிகிச்சையும் செய்யப்பட்டது. எண்பதுகளில் கருவிழிக்கு, அதாவது கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலத்துக்குப் பின்னால், கண்ணின் முன்னறையில் வைக்கப்பட்ட மூடிய வளையக்கால் லென்ஸ்களும் இப்படித்தான். முதல் மாதங்களில் நல்ல பார்வை தந்து, ஆண்டுகள் போகப் போகக் கருவிழியையே கெடுத்தன.

இங்கே எளிய கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிய லென்ஸ் மாதிரி ஒன்றைச் சில நூறு பேரிடம் ஓராண்டு பார்ப்பது வழக்கம். 300 பேரில் ஒருவருக்குக்கூட ஒரு கோளாறு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் கோளாறு உண்மையில் நூற்றுக்கு ஒருவர் வரை வரக்கூடியது என்பதைப் புள்ளியியல் மறுக்க இடம் தராது. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பொருத்தப்படப்போகிற பொருளில் நூற்றுக்கு ஒன்று என்பது ஆயிரக்கணக்கான கண்கள். ஆகவே ஆய்வு முடிந்து லென்ஸ் சந்தைக்கு வந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பொறுமையாகக் காத்திருந்தால் நல்ல செய்தியும் கிடைக்கும். இயற்கை லென்ஸை அகற்றினாலும் அது இருந்த பையைக் கண்ணிலேயே விட்டு அதற்குள்தான் புதிய லென்ஸை வைக்கிறோம். பையில் தங்கிய உயிரணுக்கள் மெல்ல நகர்ந்து பின்சவ்வில் படர்ந்தால் பார்வை மறுபடியும் மங்கும். ‘ஆபரேஷன் பண்ணியும் பொரை திரும்ப வந்திருச்சு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். லேசரில் சில நிமிட வேலை. ஆனால் லேசர் இருக்கும் ஊருக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். லென்ஸின் விளிம்பை உருண்டையாக இல்லாமல் சதுரக் கூராகச் செய்தால் அந்த உயிரணுக்கள் தடுக்கப்படும் என்பது விலை உயர்ந்த மென்லென்ஸ்களில் தெரியவந்த உண்மை. விலை மலிந்த கடின லென்ஸிலும் அது பலிக்குமா? அரவிந்த் மருத்துவர்கள் ஒரே ஆளின் ஒரு கண்ணில் கூர்விளிம்பும் மறு கண்ணில் உருண்டை விளிம்பும் வைத்து, 9 ஆண்டு தொடர்ந்து பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். கூர்விளிம்பு வைத்த கண்களில் சவ்வு மங்கல் குறைவாக இருந்தது. வயது, சர்க்கரை, வெயில், உணவு எல்லாம் இரண்டு கண்ணுக்கும் ஒன்றுதான் என்பதால் வேறு எதன் மேலும் பழி போட இடமில்லாத ஒப்பீடு அது. அந்த 9 ஆண்டு ஒவ்வொரு முறையும் யாரோ அவர்களுக்கு நினைவூட்டி, பேருந்துக் காசு கொடுத்து, வரவழைத்திருப்பார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என்ன வேலை என்பது தெரியும்.

பூக்கட்டும் அம்மா ஓராண்டு முடிவில் வந்தார். அன்று பேருந்து நிறுத்தத்தில் சொன்னதை மறுநாளே மருத்துவரிடம் தெரிவித்து, அவருடைய பதிவில் விதிப்படி சேர்த்திருந்தோம். மருத்துவர் அவரை அழைத்து விழித்திரையையும் சவ்வையும் சோதித்து, நோய் எதுவும் இல்லை, லென்ஸின் தன்மைதான் என்று விளக்கியிருந்தார். விளக்குப் படங்களைக் காட்டியபோது அம்மா பெரிய வட்டம் உள்ள படத்தை முதலில் தொட்டார். பிறகு யோசித்து, சின்ன வட்டம் உள்ள படத்துக்கு விரலை நகர்த்தினார். "அப்ப அது. இப்ப இது. பழகிருச்சா குறைஞ்சிருச்சான்னு தெரியல" என்றார். லென்ஸை மாற்றிக்கொள்ள வழி உண்டு, வேண்டுமா என்று மருத்துவர் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். மறுபடி கண்ணாடி போட்டுக்கொண்டு பூக்கட்ட அவருக்கு மனமில்லை. நான்கு மணிப் பேருந்துக்கு நடத்துநரே இப்போது குரல் கொடுத்துவிடுகிறாராம்.

எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனேன். "இரு தாயி, இன்னும் இருக்கு" என்றார். மல்லிகைக்கும் முல்லைக்கும் மொட்டு வித்தியாசம் கை நீளத்தில் வைத்தால் தெரிகிறது, மடியில் வைத்தால் தெரியவில்லை. குழல்விளக்கில் சரியாக இருக்கிறது, மஞ்சள் பல்பில் இல்லை. பச்சை நூலும் கறுப்பு நூலும் சாயங்காலம் ஒன்றாகிவிடுகிறது. படிவத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.